பொலிஸ் உத்தியோகத்தரும் சமூக ஊடகமும்: மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நீதிமன்றத்துக்குப் போய்வரும் சட்டத்தரணி நான். வழக்கு கூப்பிடும்வரை வெளியே நிற்கிற நேரத்தில் பொலிஸ் தம்பிமாரும் தங்கச்சிமாரும் கேட்பது பெரும்பாலும் போனைப் பற்றித்தான்: இதைப் போடலாமா, அதை அனுப்பலாமா, போட்டதால் என்ன வரும்? முறைப்பாடு கொடுக்க வந்த சனமும் மறுபக்கத்தில் நின்று அதே விஷயத்தைக் கேட்கிறது. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் மேல் ஏற்கெனவே விசாரணை தொடங்கியிருந்தால் கடிதங்களோடு ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள்.

பொலிஸ்ல வேலை செய்யிற ஆள் பேஸ்புக் வச்சிருக்கலாமா, இல்ல முழுசாத் தடையா?

வைத்திருக்கலாம். கணக்கு வைத்திருப்பது குற்றமில்லை. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் பேச்சுச் சுதந்திரம் சீருடை போட்டவருக்கும் உண்டு. ஆனால் 15ஆம் உறுப்புரையின் 8ஆம் பந்தி, ஆயுதப்படையினருக்கும் பொலிஸாருக்கும் அந்தச் சுதந்திரத்தைச் சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்தலாம் என்கிறது. கடமை ஒழுங்காக நடக்க வேண்டும், படைக்குள் ஒழுக்கம் இருக்க வேண்டும் என்பதே அதற்கு அது சொல்லும் காரணம்.

நடைமுறையில் சிக்கல் மூன்று இடங்களில் வரும். சீருடையையும் பதவியையும் காட்டுவது, கடமையில் தெரிந்துகொண்டதை வெளியே விடுவது, அரசாங்கத்தையும் அரசியலையும் பற்றிக் கருத்துச் சொல்வது. பிள்ளையின் பிறந்தநாள், வயல் அறுவடை, கிரிக்கெட் எல்லாம் உங்கள் சொந்த விஷயம்.

இந்த விதியெல்லாம் எங்க எழுதியிருக்கு? எங்களுக்கு ஒருத்தரும் காட்டினதில்ல.

ஒரே புத்தகத்தில் இல்லை, அதுதான் கஷ்டம். அடியில் இருப்பது 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். அதற்கு மேலே பொலிஸ் மா அதிபரின் சுற்றறிக்கைகளும், நிலையங்களுக்கு வானொலி, தொலைபேசி வழியாக வரும் ஆர்.ரி.எம். செய்திகளும். அரச உத்தியோகத்தர் எல்லோருக்குமான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் 47ஆம் அத்தியாயம் நடத்தையையும், 48ஆம் அத்தியாயம் ஒழுக்காற்று நடவடிக்கையையும் பேசுகிறது. அனுமதியில்லாமல் ஊடகத்துக்கோ பொதுமக்களுக்கோ தகவல் கொடுக்கக்கூடாது என்ற விதி 47இல்தான் இருக்கிறது. அது சமூக ஊடகத்துக்கும் பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை மூலம் நினைவூட்டியது. பொலிஸ் மா அதிபர் தவிர்ந்த உத்தியோகத்தர்களின் ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு, அரசியலமைப்பின்படி தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் இருக்கிறது.

சுற்றறிக்கை சிங்களத்தில் வந்து, யாரோ வாய்வழியாகச் சொல்லி, அது பாதியாகிக் காதில் விழுந்தால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். நடப்பில் இருக்கும் சுற்றறிக்கையைக் காட்டுங்கள், தமிழில் தாருங்கள் என்று நிலையப் பொறுப்பதிகாரியிடம் (ஓ.ஐ.சி.) எழுதிக் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழி. சலுகை கேட்கிறோம் என்று கூச்சப்பட வேண்டாம். தெரியாத விதிக்காகத் தண்டனை வாங்கிய பிறகு மொழியைக் காரணம் காட்டுவது மிகவும் கடினம்.

யூனிபோர்ம் போட்ட படத்த ப்ரொபைலாப் போடலாமா? பயிற்சி முடிஞ்ச நாள் எடுத்த படம்தானே.

களுத்துறைப் பொலிஸ் கல்லூரியில் அணிவகுப்பு முடிந்து, அம்மா அப்பாவோடு எடுத்த படம். அந்தப் பெருமை எனக்கு விளங்குகிறது. குடும்பத்தில் முதல் அரச உத்தியோகமே அதுவாகத்தான் பலருக்கு இருக்கும். அதைப் பிரேம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். பொதுக் கணக்கில் அனுமதியில்லாமல் போடாதீர்கள்.

ஒன்று, சீருடை திணைக்களத்துடையது. அது படத்தில் இருந்தால் கீழே நீங்கள் எழுதும் ஒவ்வொரு வார்த்தையும் பொலிஸ் சொன்னதாகவே வாசிக்கப்படும். அடுத்தது, அந்தப் படத்தை எடுத்துப் போலிக் கணக்கு திறந்து, ‘நான் பொலிஸ், கேசை முடித்துத் தருகிறேன்’ என்று காசு கறக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்தவர் தேடி வருவது படத்தில் இருக்கும் முகத்தைத்தான்.

டிக்டொக்ல பாட்டுக்கு ஒரு சின்ன வீடியோ. ஆரையும் திட்டல்ல, ஒண்டும் சொல்லல்ல. அதுல என்ன பிழை?

சீருடையோடு என்றால் முந்தைய பதிலே போதும். ஆனால் நான் அதிகம் பயப்படுவது பின்னணிக்கு. நிலையத்துக்குள் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சுவரில் கடமைப் பட்டியல். மேசையில் திறந்து கிடக்கும் முறைப்பாட்டுப் புத்தகம். வாங்கில் துப்பட்டாவால் முகத்தை மறைத்தபடி ஒரு பெண். கம்பிக்குப் பின்னால் யாருடைய மகனோ. பதினைந்து செக்கன் வீடியோவுக்குள் இவ்வளவும் இருக்கும். ‘ஒன்றும் சொல்லவில்லை’ என்பது உங்கள் வாய்க்கு மட்டும்தான் பொருந்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே நேரத்தில் யாரோ ஒருவர் வெளியே முறைப்பாடு எழுதக் காத்திருந்திருப்பார். அந்த வீடியோவை அவர் இரவில் வீட்டிலிருந்து பார்த்தால் அடுத்த முறை உங்களை நம்பி வருவாரா?

ட்யூட்டி இல்லாத நேரம், சொந்த போன், சொந்த டேட்டா. அதுக்கும் விதியா?

ஆம். விதி பார்ப்பது யாருடைய போன் என்பதை அல்ல. யார் சொன்னார், எதைச் சொன்னார் என்பதை. விடுமுறையில் வந்தாறுமூலையில் வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதினாலும் நீங்கள் பொலிஸ் உத்தியோகத்தர்தான்.

எங்கட ஸ்டேஷன் வாட்ஸ்அப் குரூப் பிரைவேட்தானே? அதுல போட்டா வெளியில போகாதே?

போகும். ஐம்பது பேர் இருக்கும் குரூப்பில் ஒருவருக்கு ஊடகத்தில் ஒரு நண்பன் இருப்பான், ஒருவரின் போனை வீட்டில் மகன் நோண்டுவான், ஒருவர் அடுத்த மாதம் இடமாறிப் போவார். நான் பார்த்த கசிவுகளில் பல யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்தவை அல்ல.

2019 ஏப்ரல் 21ஐ மட்டக்களப்பில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்புக்கு வந்த சிறுவர்கள். உறவினர்கள் போதனா வைத்தியசாலையில் பெயர் தேடி அலைந்துகொண்டிருக்கும்போதே, சிதைந்த உடல்களின் படங்கள் போன்களில் சுற்றின. எல்லாவற்றையும் சீருடைக்காரர் எடுத்ததாக நான் சொல்லவில்லை; பொதுமக்களும் எடுத்தார்கள். ஆனால் தடுப்புக் கயிற்றுக்கு உள்ளே நிற்க அனுமதி இருப்பவர் எடுக்கும் படம் வேறு. அந்த அனுமதி உயிரைக் காக்கவும் சாட்சியத்தைப் பாதுகாக்கவும் தரப்பட்டது. சம்பவ இடத்துப் படம் எடுப்பது அதற்குரிய அலுவலரின் வேலை. அது வழக்குக் கோப்புக்குப் போக வேண்டும். குரூப்புக்கு வரவே கூடாது.

கடமைக்காகக் குரூப் தேவை என்றால் கடமை நேரம், வீதி மாற்றம், கூட்ட அறிவித்தல் என்று அதோடு நிறுத்துங்கள். அட்மினாக இருக்கும் அதிகாரி தவறான படம் வந்த உடனே நீக்கி, போட்டவருக்கு அங்கேயே சொல்ல வேண்டும். மௌனமாக இருந்தால் பிறகு அவரிடமும் கேள்வி வரும்.

சந்தேகநபரப் பிடிச்ச படத்த நியூஸ் பேஜ் நடத்துற தம்பி கேட்கிறார். மற்ற ஸ்டேஷன்ல குடுக்கிறாங்களே, நாங்க மட்டும் ஏன் ஒளிக்க?

மற்ற நிலையத்தில் கொடுப்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. ஊடகத்தோடு பேசுவதற்குப் பொலிஸ் ஊடகப் பேச்சாளர் இருக்கிறார், ஊடகப் பிரிவு இருக்கிறது. அந்தத் தம்பியை அங்கே அனுப்புங்கள், மரியாதையாகவே அனுப்புங்கள். அவர் அவருடைய வேலையைத்தான் செய்கிறார்.

படம் போனால் வழக்கு எப்படிக் கெடும் என்று பார்ப்போம். கொள்ளையைக் கண்ட சாட்சி நீதவான் முன்னால் அடையாள அணிவகுப்பில் ஆளைக் காட்ட வேண்டும். அதற்கு முதலே அவர் போனில் முகத்தைப் பார்த்துவிட்டால், எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவரின்) சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்வியே ‘நீங்கள் சம்பவத்தில் கண்டதைக் காட்டினீர்களா, பேஸ்புக்கில் கண்டதைக் காட்டினீர்களா’ என்பதாக இருக்கும். நானே கேட்பேன். உண்மையான குற்றவாளி அப்படித் தப்பினால் அதற்கு நீங்கள் அனுப்பிய படம்தான் காரணம்.

‘சந்தேகநபர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று எழுதுவது அதைவிட மோசம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நீதிமன்றம் கேட்கவே மறுக்கும் ஒன்றை ஊர் முழுக்கக் கேட்க வைக்கிறீர்கள். குற்றவாளி என்று தீர்க்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்ற அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை நீதிமன்றத்துக்குள் வேலை செய்யும், ஆனால் அந்த மனிதரின் தெருவில் வேலை செய்யாது.

நம்முடைய மாவட்டத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2018 நவம்பர் 30 அதிகாலை வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸ் உத்தியோகத்தர்கள் கொல்லப்பட்டார்கள். மாவீரர் நாள் முடிந்து மூன்று நாள்கூட ஆகாத நேரம். சந்தேகம் முன்னாள் போராளிகள் பக்கம் போனது, ஒருவர் கைதாகிச் சிறையில் இருந்தார். ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகுதான் கொலை செய்தது அந்தத் தாக்குதலோடு தொடர்புடைய குழு என்று விசாரணையில் வெளிவந்து, அவர் விடுவிக்கப்பட்டார். அந்த மாதங்களில் அந்த மனிதரின் வீட்டார் எந்த முகத்தோடு கடைக்குப் போய் வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ‘பிடிபட்டான்’ என்று தலைப்புப் போட்டு ஒரு படத்தை அனுப்ப முதல் இந்தச் சம்பவத்தை ஞாபகப்படுத்துங்கள்.

அப்ப ஐஸ், கஞ்சா பிடிச்சா மேசையில அடுக்கி வச்சுப் படம் போடுறாங்களே?

திணைக்களம் தன்னுடைய வழியில் வெளியிடுவது வேறு, நீங்கள் உங்கள் போனில் எடுத்து மச்சானுக்கு அனுப்புவது வேறு. பிடித்த பொருளைக் காட்டுவதற்கு ஆளின் முகம் தேவையில்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை அது என்ன பொருள் என்பதுகூட ‘சந்தேகம்’ என்ற நிலையில்தான் இருக்கிறது.

முறைப்பாடு குடுக்கப் போன இடத்துல என்ட நம்பர எழுதினாங்க. இரவைக்கு அந்த உத்தியோகத்தரே வாட்ஸ்அப்ல "சாப்பிட்டாச்சா" எண்டு கேட்கிறார். நான் என்ன செய்ய?

இந்தக் கேள்வியை மெதுவான குரலில்தான் கேட்பார்கள், பெரும்பாலும் கணவரைப் பிரிந்தவர்கள், வெளிநாட்டில் கணவர் இருப்பவர்கள், விதவைகள். முதலில் ஒன்று: இது உங்கள் பிழை இல்லை. நீங்கள் நம்பர் கொடுத்தது வழக்குக்கு. அதை வேறு நோக்கத்துக்கு எடுத்தவர்தான் விதியை மீறினார். ‘சாப்பிட்டாச்சா’ என்பது தனியாகப் பார்த்தால் சின்ன வார்த்தை. உங்கள் வழக்கைக் கையில் வைத்திருப்பவர் இரவு பத்து மணிக்குக் கேட்டால் அது சின்ன வார்த்தை இல்லை. பதில் சொல்லாவிட்டால் வழக்கு என்னாகுமோ என்ற பயத்தைக் கூடவே அனுப்புகிறார்.

செய்திகளை அழிக்காதீர்கள், கோபத்தில் ப்ளொக் பண்ண முதல் நம்பரும் திகதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். முறைப்பாட்டை அதே நிலையத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. பிரிவுக்குப் பொறுப்பான பொலிஸ் அத்தியட்சகரின் அலுவலகத்தில் கொடுக்கலாம். பொதுமக்களின் முறைப்பாட்டை ஏற்று விசாரிப்பது தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் அரசியலமைப்புக் கடமை. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு, 1996க்கும் அழைக்கலாம். பேச்சு எல்லை மீறியிருந்தால் அது ஒழுக்காற்று விஷயத்தோடு நிற்காது: தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றம், ஐந்து வருடம்வரை சிறை. ‘வா, கேசை முடித்துத் தருகிறேன்’ என்ற பேச்சு வந்தால் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது.

உத்தியோகத்தர்களுக்கும் ஒரு வார்த்தை. முறைப்பாட்டாளரைத் தொடர்புகொள்ள வேண்டுமென்றால் நிலையத் தொலைபேசியில், பகல் நேரத்தில், வழக்கைப் பற்றி மட்டும் பேசுங்கள். பேசியதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். பேஸ்புக்கில் அவருக்கு நட்பு அழைப்பு அனுப்பாதீர்கள், வழக்கு முடிந்த பிறகும்கூட.

துஷ்பிரயோக வழக்குல பிள்ளையின்ட பேர நாங்க போடல்ல. ஊரையும் பள்ளிக்கூடத்தையும் மட்டும்தான் போட்டம். அது பரவாயில்லத்தானே?

பரவாயில்லை அல்ல. படுவான்கரையில் ஒரு கிராமத்தின் பெயர், பாடசாலை, வகுப்பு, ‘தந்தை கைது’ என்று எழுதினால் பெயர் எதற்கு? ஊருக்கு அடுத்த நிமிடமே தெரியும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளம் தெரியவரும்படி எதையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம். அச்சில் வந்தாலும் பேஸ்புக்கில் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: வாசிப்பவருக்குப் பிள்ளை யாரென்று விளங்குமா? விளங்கும் என்றால் போடக்கூடாது. அந்தப் பிள்ளை நாளைக்கும் அதே பாடசாலைக்குத்தான் போக வேண்டும்.

ஊருக்குள்ள ஒரு கதை ஓடுது. பொலிஸ்காரனா நான் "உண்மையா இருக்கலாம், கவனமா இருங்க" எண்டு போட்டா நல்லதுதானே?

எண்ணம் நல்லது, விளைவு ஆபத்து. சாதாரண ஆள் பகிர்ந்தால் அது வதந்தி. நீங்கள் பகிர்ந்தால் ‘பொலிஸே சொல்லுது’ என்று முன்னால் ஒட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும். ‘இருக்கலாம்’ என்ற சொல் வழியிலேயே விழுந்துவிடும்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு கட்டி இருந்தது. அது ஆட்களை மலடாக்கும் மாத்திரை என்று கூட்டம் கூடியது. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் மிரட்டலுக்கு நடுவே தலையாட்டியது வீடியோவாகி, ‘ஒப்புக்கொண்டான்’ என்று பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அப்படி ஒரு மாத்திரை மருத்துவத்திலேயே இல்லை. அந்தக் கட்டி வெறும் மாவு என்று பிறகு பகுப்பாய்வில் தெரிந்தது. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தின் திகனயில் கலவரம் மூண்டபோதும் அதே வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. மார்ச் 7 முதல் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் நாடு முழுவதும் முடக்க வேண்டிவந்தது.

நம்முடைய பிரதேசத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரு வீதியால்தான் பிரிந்திருக்கின்றன. அம்பாறைப் பக்கம் சிங்களக் குடியிருப்புகளும் அப்படித்தான். ஆகவே கதை காதில் விழுந்தால் செய்ய வேண்டியது: அதை ஓ.ஐ.சி.க்கு அறிவியுங்கள், மறுக்க வேண்டியிருந்தால் நிலையம் உத்தியோகபூர்வமாக மூன்று மொழியிலும் மறுக்கட்டும், ஊர்ப் பெரியவர்களுக்கும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்துக்கும் நேரில் சொல்லட்டும். நீங்கள் தனியாக எழுதாதீர்கள். வதந்தியை மறுத்துக்கூடச் சொந்தக் கணக்கில் எழுத வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மறுக்கிறேன் என்று வீடியோவை மறுபடி ஏற்றுகிறவர்களால் அது இன்னும் பத்துப் பேருக்குப் போகிறது.

என்ட மதத்தப் பத்தி நல்லதா எழுதலாமா? பெருநாள் வாழ்த்து, திருவிழாப் படம்?

தாராளமாக. மாமாங்கத் தீர்த்தப் படமோ நோன்புப் பெருநாள் வாழ்த்தோ யாரையும் புண்படுத்தாது. அடுத்தவரின் மதத்தைப் பற்றி எழுதும்போதுதான் பிரச்சினை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதற்குப் பத்து வருடம்வரை சிறை விதிக்கிறது, பிணையும் எளிதில் கிடைக்காது. அந்தச் சட்டம் எழுத்தாளர்கள்மேல் பிழையாகப் பாவிக்கப்பட்டதும் உண்டு, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் ஆளைக் கைதுசெய்யும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கும்போது உங்கள் நாக்கு மற்றவரின் நாக்கைவிட அடக்கமாக இருக்க வேண்டும்.

தேர்தல் நேரம் ஒரு கட்சியின்ட போஸ்ட்டுக்கு லைக் போட்டா அதுவும் அரசியலா?

ஆம் என்று எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். பொலிஸ் உத்தியோகத்தர் அரசியல் உரிமை இல்லாத அரச உத்தியோகத்தர் வகைக்குள் வருகிறார். வாக்களிக்கலாம், தபால் மூலமும் வாக்களிக்கலாம். ஆனால் பிரசாரம் செய்ய முடியாது. லைக் பிரசாரமா என்று விசாரணையில் வாதாடலாம்தான். வாக்குச் சாவடிக்குக் காவல் நிற்கப்போகிறவரின் லைக்கை எதிர்க்கட்சிக்காரன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தால் அந்த வாதம் எடுபடாது. வாக்குச்சீட்டைப் படம் எடுத்துப் போடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

லீவு தாறல்ல, இடமாற்றம் அநியாயம், மேலதிகாரி திட்டுறார். வெளியில சொல்லாம எங்களுக்கு எப்பிடி நீதி?

இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மனதோடு ‘விதியைப் பின்பற்றுங்கள்’ என்று சொல்ல முடியவில்லை. ஆசிரியருக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது, தாதிக்கு இருக்கிறது, பொலிஸ்காரருக்குச் சட்டப்படி தொழிற்சங்கம் அமைக்க முடியாது. அதற்கு மேல் வாயையும் மூடினால் மனதுக்குள் அழுத்தம் கூடும். உள்ளே கேட்கும் வழியை வேகமாக்காமல் வெளியே பேசுவதை மட்டும் தடுப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

ஆனாலும் பேஸ்புக் லைவ் உங்களுக்கு நீதி தராது. உங்களைக் குற்றம் சாட்டப்பட்டவராக மாற்றும், மூல அநியாயத்தை யாரும் பேசமாட்டார்கள். எழுத்தில் போங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு, அதன் முடிவுக்கு எதிராக நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை. அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்தில் 126ஆம் உறுப்புரையின் கீழ் மனு. அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம், ஆகவே ‘பார்ப்போம்’ என்று இழுக்காதீர்கள். சொல்ல வந்தது ஊழல் என்றால் இலஞ்ச, ஊழல் ஆணைக்குழுவிடம் போங்கள். முன்னே சொன்ன 2023ஆம் ஆண்டுச் சட்டம் தகவல் தருகிறவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதே தகவலைப் பேஸ்புக்கில் கொட்டினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

பேக் ஐ.டி.யில எழுதினா ஆருக்குத் தெரியப்போகுது?

தெரியவரும். கணினிக் குற்ற விசாரணை செய்வதே உங்கள் திணைக்களம்தான். அப்புறம், போலிப் பெயரில் எழுதினீர்கள் என்பதே ‘பிழை என்று தெரிந்துதான் செய்தார்’ என்பதற்குச் சான்றாகும். 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் ஒருவரைத் தொந்தரவு செய்ய அவருடைய தனிப்பட்ட தகவலை வெளியிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது.

நான் ஒண்டும் போடல்ல. என்ட மனிசிதான் போட்டவ.

உங்கள் மனைவி அரச உத்தியோகத்தர் இல்லை என்றால் சுற்றறிக்கை அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கேள்வி வேறு: சோதனைச் சாவடிக்குள் எடுத்த படம் அவரிடம் எப்படி வந்தது? கொடுத்தவர் நீங்கள்தான்.

2024 ஒக்டோபரில் அறுகம்பேயில் தாக்குதல் அபாயம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தபோது பொத்துவில் பக்கம் முழுக்கப் பாதுகாப்பு கூடியது. அப்படியான நேரத்தில் ‘அவர் இன்றைக்கு இந்த ஹோட்டலுக்கு முன்னால் ட்யூட்டி, பாவம்’ என்று அன்போடு ஒரு படம் போட்டால் காவல் எங்கே, எத்தனை பேர் என்று வெளியே தெரிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து இதை ஒருமுறை கதையுங்கள். திட்டாமல், காரணத்தைச் சொல்லி.

றோட்டுல மறிக்கிற பொலிஸ நாங்க வீடியோ எடுத்தா போனப் பறிக்கலாமா?

பொது இடத்தில் கடமையில் இருக்கும் பொலிஸாரைப் பதிவு செய்வதைத் தனியாகத் தடைசெய்யும் சட்டம் இல்லை. ‘எடுக்காதே’ என்று போனைப் பறிப்பதும் அழிக்கச் சொல்வதும் சரியல்ல. போன் ஒரு குற்றத்தின் சாட்சியம் என்றால் அதைச் சட்டப்படி கைப்பற்றிப் பதிவு செய்ய வேண்டும். அதே நேரம் முகத்துக்கு நேரே போனை நீட்டி, வழியை மறித்து, கையைத் தட்டினால் அது அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு. தண்டனைச் சட்டக்கோவையின் 183ஆம் பிரிவு வரும். இரண்டடி தள்ளி நின்று எடுங்கள். அங்கே நிற்கும் பெண்ணின், பிள்ளையின் முகம் விழாமல் எடுங்கள். அநியாயம் நடந்திருந்தால் முழு வீடியோவை வெட்டாமல் முறைப்பாட்டோடு கொடுங்கள். பேஸ்புக்கில் வெட்டிப் போட்ட துண்டைவிட அதற்குத்தான் நீதிமன்றத்தில் பெறுமதி.

வேலையில இருந்துகொண்டு யூரியூப் சனல் நடத்தலாமா? சமையல், தோட்டம் மாதிரி.

பொழுதுபோக்காக, பதவியைச் சொல்லாமல், காசு வராமல் என்றால் பெரிய சிக்கல் இல்லை. விளம்பர வருமானம் வரத் தொடங்கினால் அது வேலைக்கு வெளியே சம்பாத்தியம். எழுத்தில் முன் அனுமதி எடுங்கள்.

சரி, இதெல்லாம் தெரியாம முந்தியே போட்டுட்டன். இப்ப அழிச்சா காணுமா?

பழைய சீருடைப் படம், அரசியல் லைக் என்றால் இன்றே எடுத்துவிடுங்கள். காலம் தாழ்த்த ஒரு காரணமும் இல்லை.

ஆனால் அது ஒரு வழக்கோடு, சந்தேகநபரோடு, முறைப்பாட்டாளரோடு தொடர்புள்ளது என்றால் யாருக்கும் சொல்லாமல் அழிக்காதீர்கள். சாட்சியத்தை மறைத்தார் என்ற குற்றச்சாட்டு முதல் பிழையைவிடக் கனமானது. எப்போது போட்டீர்கள், யார் யாருக்குப் போனது என்று தெரியும்படி பதிவு செய்து வைத்துவிட்டு, பொதுப் பார்வையிலிருந்து உடனே மறைத்துவிட்டு, அன்றைக்கே ஓ.ஐ.சி.க்கு எழுத்தில் அறிவியுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை நீங்களும் வைத்திருங்கள். வழக்கை நடத்தும் உத்தியோகத்தர் அதை நீதவானுக்கு விசாரணை நிலவரத்தைச் சொல்லும் ‘பி அறிக்கை’யில் தெரிவிக்க வேண்டுமா என்று முடிவெடுக்கட்டும். படத்தில் இருந்தவருக்கும் விஷயத்தைச் சொல்ல ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். தன் முகம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அறிய அவருக்கு உரிமை இருக்கிறது.